பெங்குலு தொடாமல் போன சோறு

கூச்சிங்
வியாழக்கிழமை காலை

லுமாயின் அம்மாவுக்கும், நம் நீளவீட்டின் ஒரே கூரைக்கடியில் இருக்கிற இருபத்திரண்டு கதவுக்காரர்களுக்கும், அவரவர் வீட்டுப் பெரியவர்களுக்கும், உன் கணவன் ப்ராயுன் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். அங்கே நீயும், உன் முட்டிவலியும், கோழிகளும், மிளகுக் கொடிகளும் எப்படி இருக்கிறீர்களோ என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன் கோபுரம் மழைக்காலத்தில் தூங்குவதால் இந்தக் கடிதத்தைக் காப்பிட் போகிற படகுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்குள் கையில் கிடைக்கும்.

வழக்கம்போலக் கெலினாதான் இதை ருவாய்ப் பொதுத்திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு, முதல் கதவிலிருந்து கடைசிக் கதவு வரைக்கும் கேட்கிற மாதிரி படிக்கப்போகிறாள் என்று தெரியும். கெலினா, நீ எங்களுக்கு அடுத்த கதவுக்காரி, இத்தனை வருஷப் பழக்கம், அதனால் உரிமையோடு சொல்கிறேன். எழுதியிருப்பதை மட்டும் படி. சென்ற தடவை சிபுவிலிருந்து நான் 'வயிறு கொஞ்சம் சரியில்லை' என்று ஒரே ஒரு வரி எழுதியதை நீ இழுத்து இழுத்துப் படித்ததில், நான் திரும்புவதற்குள் எனக்காகப் பன்றி அடித்துச் சடங்கே செய்து முடித்துவிட்டார்கள். நான் படகிலிருந்து நல்லபடியாக இறங்கியபோது ஒருத்தர் முகத்திலும் சந்தோஷமில்லை. பன்றி வீணாகிப்போச்சே என்றுதான் பார்த்தார்கள்.

முதலில் கண் விஷயம். ஆபரேஷன் திங்கட்கிழமை முடிந்தது. வலது கண்ணுக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். இடது கண் எப்போதும்போலப் பனிக்குள்ளேதான் இருக்கிறது. டாக்டர் சின்னப் பெண், நம் லுமாய் வயசுதான் இருக்கும், விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள்: குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, முக்கியமாக அழக் கூடாது. "அறுபத்தேழு வயசு ஆம்பளை எதுக்கும்மா அழப்போறேன்" என்றேன். "எதுக்கும் வேண்டாம், வெங்காயம்கூட உரிக்காதீங்க" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் தங்கை மகன் ஜிம்புனும் அவன் பெண்டாட்டி லூசியும் என்னை அடுப்பங்கரைப் பக்கமே விடுவதில்லை. டாக்டரின் இந்த நாலு கட்டளையும் பின்னால் எவ்வளவு பெரிய தொல்லையானது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நீ என் பையில் என்னென்ன வைத்து அனுப்பினாய் என்பது உனக்கே தெரியும். இரண்டு பிடி மலைநெல் அரிசி, ஒரு குட்டி பாட்டில் காட்டுத்தேன், விளிம்பெல்லாம் பல் பதிந்த அந்த நீல இனாமல் தட்டு. லூசி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "கண் ஆபரேஷனுக்கு எதுக்கு மாமா தட்டு, ஆஸ்பத்திரியிலயே குடுப்பாங்களே" என்று கேட்டாள். அவள் சிபு நகரத்துச் சீன வீட்டுப் பெண், பாவம், அவளுக்கு நம் முறை என்ன தெரியும். உட்கார வைத்து விளக்கினேன். "இதோ பார் லூசி, ஒருத்தர் சாப்பாடு குடுத்து, நீ அதைத் தின்னாம, தொடக்கூடத் தொடாம எழுந்து போயிட்டா அது புனி. வழியில பாம்பு கடிக்கும், மரக்கிளை விழும், படகு கவிழும். பசி இல்லைன்னா விரல் நுனியால தொட்டு உதட்டுல வெச்சா போதும், புனி ஒட்டாது." அவள் யோசித்துவிட்டு, "அப்போ மாமா, நேத்து நான் குடுத்த கசாயத்தை ஏன் ஜன்னல் வழியா ஊத்தினீங்க" என்று கேட்டாள். தொட்ட பிறகுதான் ஊற்றினேன் என்று சொல்லவேண்டியதாகிவிட்டது.

அப்புறம் நம் பெங்குலுவின் கதையையும் சொன்னேன். கண்ணி வைத்தவன் எவனோ, தாய்க்கரடி அதில் மாட்டிச் செத்துக் கிடந்ததையும், அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கத்திய குட்டியை நான் மிளகுக் கூடையில் போட்டு எடுத்து வந்ததையும், நெஞ்சிலே பொன் நிறத்தில் வளைந்த பட்டை இருந்ததால், சங்கிலி போட்ட நம் ஆற்றுப்பக்கத் தலைவர் பெங்குலு மாதிரி இருக்கிறான் என்று அதே பெயரை வைத்ததையும், அசல் பெங்குலு நம் வீட்டுக்கு விருந்துக்கு வந்த அன்றைக்கு இவனைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்து, "பெங்குலு, வெளியில வராதே" என்று நீ அதட்டியதும் அந்த மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டதையும் சொன்னேன். லூசி சிரித்ததில் கஞ்சி புரையேறிவிட்டது. நான் நீலத் தட்டை விரலால் டங் டங் என்று இரண்டு தட்டு தட்டினால் கடைசிக் கதவில் எதைத் திருடிக்கொண்டிருந்தாலும் விட்டுவிட்டு ஓடி வருவானே, அதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

அவனை ஒப்படைத்த நாளையும் மறைக்காமல் சொன்னேன். லுமாய் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள், சட்டம் தெரிந்தவள், "அப்பா, அவன் பெரிசாயிட்டா சங்கிலிதான், வேற வழி கிடையாது, காட்டுக்குப் போறதுக்குக் கத்துக்குடுக்கிற இடம் இருக்கு" என்று சொன்னது நியாயம்தான். அந்தக் காப்பகத்திலிருந்து பெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். நீ கடைசியாகச் சோற்றில் தேன் பிசைந்து தட்டை என் கையில் கொடுத்து, "போய் ஊட்டிட்டு அனுப்புங்க" என்றாய். நான் தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டேன். படகு இன்ஜினைத் துடைக்கவேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது பெட்டி போய்விட்டது, சோறு அப்படியே இருந்தது, ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. அதற்குப் பிறகு இந்த இரண்டு வருஷத்தில் அந்தப் பையனுக்கு நடந்ததைப் பார்: மரத்திலிருந்து விழுந்தான், குளவி கொட்டி மூக்கு வீங்கினான், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். லுமாய் அங்கே விசாரித்துப் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லும்போதெல்லாம், "புனி, புனி, வேற என்ன" என்று முதலில் சொன்னவள் கெலினாதான். இல்லை என்று சொல்லாதே கெலினா.

இப்போது வருகிற செவ்வாய்க்கிழமை அவனை உள்காட்டில் கொண்டுபோய் விடப்போகிறார்கள். பாம்பும் முள்ளும் கிளையும் இருக்கிற காட்டுக்குள் புனியைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு பிள்ளையை அனுப்பலாமா? நான் செய்த தப்புக்கு அவன் ஏன் அடிபடவேண்டும்? அதற்குள் அந்தச் சோற்றை அவன் ஒரு தடவை தொட்டாகவேண்டும். அதைத்தானே நீ வாயால் சொல்லாமல் பையில் வைத்து அனுப்பினாய். நான் புரிந்துகொண்டேன்.

லூசி கரண்டுப் பானையில் அரிசியைப் போட்டுக் குழைய வைத்தாள். தேனைக் கலந்து இலைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தாள், அது ஒன்றுதான் குறை. புதன்கிழமை காலையில் ஜிம்புன் என்னைக் காப்பகத்துக்குப் போகிற ஒரு சுற்றுலா வேனில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டான். வேன் நிறைய வெள்ளைக்காரர்கள். வேன்காரன் வழி நெடுக, "இங்க பக்கத்துல ஒரு எடம் இருக்கு, கரடிக்குட்டிய மடியில வெச்சுப் போட்டோ எடுக்கலாம், தொப்பியெல்லாம் போட்டு விடுவாங்க, போலாமா" என்று கேட்டுக்கொண்டே வந்தான். மடியில் வைக்கலாம் என்றதும் எனக்கு ஆசையாகிவிட்டது, உன்னிடம் என்ன மறைக்க. "நம்ம ஆளை அங்கே விட்டிருக்கலாமேடா" என்று ஜிம்புன் காதில் சொன்னேன். அவன், "மாமா, அங்க இருக்கிற குட்டிங்க எதுவும் காட்டுக்குப் போறதே இல்ல. பெரிசாயிட்டா அது எங்க போகுதுன்னு யாரும் கேக்கறதும் இல்ல" என்றான். அதற்குப் பிறகு நான் வேன்காரனோடு பேசவில்லை.

காப்பகத்து வாசலில் மிண்டு என்று ஒரு பெண். பார்த்த உடனேயே நம் இபான் பிள்ளை என்று தெரிந்தது, வேறு ஆற்றுக்காரி. முகமூடி போடு, கை கழுவு, சத்தம் போடாதே, கை நீட்டாதே, தின்கிற பொருள் எதுவும் உள்ளே வரக் கூடாது என்று இரண்டு பாஷையில் கடகடவென்று சொல்லிவிட்டு, என் பையில் கை விட்டு டப்பாவை வெளியே எடுத்தாள்.

"இது என்ன பெரியப்பா?"

"கண்ணுக்கு மருந்து."

மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "தேன் சோறா இருக்கே."

"கண்ணைச் சுத்தித் தடவணும். மலை வைத்தியம்."

"திரும்பிப் போகும்போது வாங்கிக்கங்க, நானே தடவி விடறேன்" என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். தட்டை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், விளிம்பில் விரல் ஓட்டினாள், பைக்குள்ளேயே வைத்துவிட்டாள். தட்டு தின்கிற பொருள் இல்லையே. நான்தான் அவனை வளர்த்தவன் என்று சொல்லவில்லை. சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்று ஜிம்புன் எச்சரித்திருந்தான். காட்டுக்குப் போகப்போகிற கரடி மனுஷக் குரலுக்கு ஓடி வந்தால் போச்சு, பரீட்சையில் தோல்வி, அப்புறம் ஆயுசு முழுக்கக் கூண்டுதானாம்.

உள்ளே மர மேடை மாதிரி கட்டி, அதன்மேல் நிற்க வைத்துக் கரடிகளைக் காட்டினார்கள். நான் ஒரு மூலையில் இருந்த கறுப்பு உருவத்தைப் பார்த்ததும் அவன்தான் என்று தெரிந்துகொண்டு, கம்பியைப் பிடித்தபடி மெதுவான குரலில், "தப்பு என்மேலதான்டா, இன்ஜினைத் துடைக்கப் போயிட்டேன், மனசுல வெச்சுக்காதே" என்று பத்து நிமிஷம் பேசினேன். அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் படம் எடுத்தாள். ஜிம்புன் வந்து, "மாமா, அது எரிஞ்ச மரக்கட்டை" என்றான். ஆபரேஷன் செய்த கண் இன்னும் தெளியவில்லை, இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ருவாயில் யார் சிரித்தாலும் யார் யார் என்று குறித்துவை, நான் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

மேடையிலிருந்து தெரிகிற கரடிகளெல்லாம் இனிமேல் காட்டுக்குப் போக முடியாதவையாம். ஒன்றுக்குக் கண் இல்லை, ஒன்றுக்கு நகங்களையெல்லாம் எவனோ பிடுங்கியிருக்கிறான். போகப்போகிறவர்கள் பின்பக்கம், அங்கே வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. எனக்குக் கழிப்பறை போகவேண்டியிருந்தது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் பின்பக்கப் பாதையில் போய்விட்டேன். பெரிய சிவப்புப் பலகை ஒன்று இருந்ததாம். எனக்கு எப்படிப் படிக்க முடியும், கண் ஆபரேஷன் செய்தவன்.

பாதையின் முடிவில் தகர வேலி, அதில் ஆட்கள் மறைந்திருந்து பார்ப்பதற்கு ஒரு சந்து. இடது கண்ணை வைத்துப் பார்த்தேன், பத்தடி தூரம்தான், அதனால் பனியிலும் தெரிந்தது. லுமாய் அம்மா, எப்படிச் சொல்வேன். நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. அவ்வளவு பெரிசு ஆகிவிட்டான். தோள் இரண்டும் உருண்டு, முடி பளபளவென்று, நெஞ்சிலே அந்தச் சங்கிலி அப்படியே இருக்கிறது, இன்னும் அகலமாகியிருக்கிறது. ஒரு கட்டையைக் கையால் பிளந்து, நீள நாக்கை உள்ளே விட்டுக் கறையான் எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் இதையெல்லாம்? நம் வீட்டில் இருந்தவரைக்கும் அவனுக்குத் தெரிந்த ஒரே வேட்டை கெலினாவின் ஊறுகாய் ஜாடிதான். எனக்கு நெஞ்செல்லாம் நிறைந்துபோய்விட்டது. அப்போது கை தவறிப் பையிலிருந்து தட்டு கல்மேல் விழுந்துவிட்டது. டங் என்று ஒரு சத்தம்.

அவன் நிமிர்ந்தான். கட்டையை விட்டுவிட்டு இரண்டு காலில் எழுந்து நின்றான், கை இரண்டும் முன்னால் தொங்க, மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டினான். நேராக என் பக்கம் பார்த்தான். தட்டு என் காலடியில் கிடந்தது. இன்னும் ஒரே ஒரு தட்டு தட்டினால் போதும், டங் டங் என்று இரண்டாவது சத்தம் கேட்டால் ஓடி வந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். வந்தால் தோல்வி. தோற்றால் செவ்வாய்க்கிழமை கிடையாது. அவன் இங்கேயே இருப்பான், நான் வருஷத்துக்கு நாலு தடவை வேனில் வந்து பார்க்கலாம். இதெல்லாம் ஒரு மூச்சுக்குள் என் தலையில் ஓடியது. டாக்டர் குனியக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், அதனால் குனிந்து தட்டை எடுக்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டு மரத்தில் ஏறினான், ஏறி, ஒரு கிளையில் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டான். நம்மை மறந்துவிட்டான். அதுதானே வேண்டியிருந்தது. எனக்குச் சந்தோஷம்தான். கண்ணிலே மருந்து போட்டுக்கொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டதால் போட்டுக்கொண்டேன்.

திரும்பினால் மூன்றடி தள்ளி மிண்டு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. தட்டைத் தானே குனிந்து எடுத்து, என் சட்டைக் கையைப் பிடித்து ஆபீஸ் அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தாள். தட்டின் விளிம்பைக் காட்டினாள்.

"இந்தப் பல் அடையாளம் பதினேழோடது. மேல் வரிசையில ஒண்ணு கோணல். ரெண்டு வருஷமா அவன் வாயைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"பதினேழா? அவன் பேரு பெங்குலு."

"பேர் வெச்சா பாசம் வந்துரும், அதனால இங்க நம்பர்தான். நீங்கதான் அந்தப் பெரியப்பாவா?"

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சோறு, படிக்கட்டு, இன்ஜின், குளவி, கடைவாய்ப் பல், செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டே ஒரு நீளமான தாளை எடுத்து, "கடைசிப் பரீட்சையில மனுஷங்க சத்தம் எழுப்பி அவன் வரானான்னு பாக்கணும். உங்களால எனக்கு வேலை மிச்சம்" என்று சொல்லி, "தட்டுச் சத்தம்: வரவில்லை" என்று எழுதினாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

"வரலைன்னு மட்டும் எழுதாதேம்மா. எழுந்து நின்னான்னு எழுது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அடித்துவிட்டு, "எழுந்து நின்றான். வரவில்லை" என்று எழுதினாள். எழுதி முடித்ததும் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பெரியப்பா, கையால எதுவும் ஊட்டக் கூடாது. சமைச்ச சோறு அவன் லிஸ்ட்லயே இல்ல. பொந்துக் கட்டையில தேன் தடவி வெச்சுட்டு நாங்க மறைஞ்சுருவோம், அவனே தேடிக் கண்டுபிடிக்கணும். இன்னிக்கும் தடவணும். தடவற குச்சி எந்த டப்பாவுல முங்கி வந்துச்சுன்னு தாள்ல எழுதற கட்டம் எதுவும் இல்ல."

"நீயும் புனியை நம்புறியா?"

"நான் படிச்சவ பெரியப்பா, நம்பறதில்ல" என்று சொல்லிவிட்டு, டப்பா மூடியைத் திறந்துகொண்டே, "ஆனா எங்கம்மா குடுக்கறதைத் தொடாம வீட்டை விட்டு எறங்கினதும் இல்ல" என்றாள். தங்கமான பெண். கல்யாணம் ஆகவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டாம் கதவுக்காரர் தன் மகனுக்கு இன்னும் தேடிக்கொண்டிருந்தால் என்னிடம் பேசட்டும்.

பெட்டி மாதிரி டிவி ஒன்றை எனக்கு முன்னால் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அதில் கட்டை தெரிந்தது. இடது கண்ணைக் கண்ணாடிமேல் ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கறுப்பு முதுகு உள்ளே வந்தது. கட்டையைச் சுற்றி வந்தான். மோந்தான். மோந்துவிட்டுப் பின்னால் போனான், என் உயிரே போய்விட்டது. மறுபடி வந்தான். நாக்கை நீட்டினான், அந்த நாக்கு உனக்குத் தெரியுமே, உன் தேன் பாட்டிலின் அடி வரைக்கும் போன நாக்கு, அதை நீட்டிக் குச்சி தடவின இடத்தை ஒரு தடவை, நிதானமாக, நக்கினான். தொட்டாயிற்று. லுமாய் அம்மா, தொட்டுவிட்டான். "தொட்டுட்டான் தொட்டுட்டான்" என்று நான் கத்தியதில் கணக்கப்பிள்ளை ஒருவர் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்து, யார் யாரைத் தொட்டது என்று விசாரித்தார்.

ஆக, உன் சோறு போய்ச் சேர்ந்தது. இரண்டு வருஷப் புனி கழிந்தது. செவ்வாய்க்கிழமை அவன் சுத்தமாகக் காட்டுக்குள் போகிறான். அவனுக்கும் எனக்கும் இனிமேல் பாக்கி ஒன்றுமில்லை. நான் மறுபடியும் அந்தப் பக்கம் போகப்போவதில்லை, போகவேண்டிய காரணமும் இல்லை. எனக்கு மனசில் எந்த வருத்தமும் கிடையாது என்பதை ருவாயில் இருக்கிற எல்லாரும் கேட்டுக்கொள்ளவும். வெள்ளிக்கிழமை டாக்டர் மூடியைக் கழற்றுவாள், சனிக்கிழமைப் படகில் வந்து இறங்குகிறேன்.

நம் கதவும் மற்ற இருபத்தொரு கதவும் நெல் நிறைந்து நிற்கட்டும். கோழியைப் பருந்து தூக்காமலும், குழந்தைகளைக் காய்ச்சல் அண்டாமலும் இருக்கட்டும். வயதில் மூத்தவர்களுக்கு என் வணக்கம், இளையவர்களுக்கு என் ஆசி, உன் முட்டிக்கு ஜிம்புன் வாங்கிய தைலம் ஒரு புட்டி.

உன் கணவன்,
ப்ராயுன், லுமாயின் அப்பா

பின்குறிப்பு: கெலினா, இதோடு கடிதம் முடிந்தது என்று எல்லாரிடமும் சொல்லி எழுப்பி விடு. துவாக் கள் இருந்தால் ஊற்றிக் கொடு, பேச்சு மாறிவிடும். அப்புறம் லுமாய் அம்மாவைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் மீதியை அவள் காதில் மட்டும் படி. உன் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதினதற்கு மன்னித்துக்கொள். நீ நல்லவள், ஒரு தடவை வாயை மூடிக்கொள்.

லுமாய் அம்மா, தட்டு கை தவறி விழவில்லை. நான்தான் போட்டேன். ஒரே ஒரு தடவை, தெரிந்தேதான் போட்டேன். அவனுக்கு என்னை ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்காமல் என்னால் அந்த வேலியை விட்டு வர முடியவில்லை. மிண்டு பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள், தாளில் அதை எழுதவில்லை. இரண்டாவது தட்டு தட்டக் கை வரவில்லை, அது மட்டும் உண்மை. அவன் எழுந்து நின்றபோது என் பக்கம் பார்த்தானே, அந்தப் பார்வை மறந்துபோன பார்வை இல்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மரத்தில் ஏறினான். அன்றைக்கு இன்ஜினில் துடைக்கவும் ஒன்றுமில்லை, அது உனக்கு அப்போதே தெரியும், நீ கேட்கவில்லை. டாக்டர் சொன்ன நாலில் நாலாவதை நேற்று மீறிவிட்டேன், மூடி முழுக்க நனைந்துபோய் லூசி புதிது மாற்றினாள்.

இன்னொன்று. நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது மிண்டு திரும்பி வந்து என் முன்னால் தேத்தண்ணியும், கலர் கலராக அடுக்கின கேக் இரண்டு துண்டும் வைத்தாள். நான் அதைத் தொடவில்லை. மறதி இல்லை. விரல் பக்கத்தில் போனது, நான்தான் பின்னால் இழுத்துக்கொண்டேன். வேன் ஏறும்போது அவள் பின்னாலேயே ஓடி வந்து, "பெரியப்பா, தொட்டுட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். கேட்காத மாதிரி ஏறிவிட்டேன். கண் ஆபரேஷன் செய்தவனுக்குக் காது எப்படிக் கேட்கும். அதன் பலன் நேற்றிலிருந்தே ஆரம்பித்துவிட்டது: குளியலறையில் வழுக்கினேன், என் சூப்பில் பல்லி விழுந்தது, உட்கார்ந்த நாற்காலியின் கால் கழன்றது. இப்படியே விட்டால் படகு கவிழாமல் ஊர் வந்து சேருவேனா, நீயே சொல். திரும்பிப் போய்த் தொட்டுத்தான் ஆகவேண்டும், வேறு வழியே இல்லை.

இன்று காலை ஜிம்புன் அவளுக்குப் போன் போட்டுக் கொடுத்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் சொன்னாள், "கேக்கை எடுக்கல பெரியப்பா, ஈ மொய்க்காம மூடி வெச்சிருக்கேன். இன்னிக்கு வராதீங்க. செவ்வாக்கிழமை விடியக்காலையில பெட்டியை ஏத்தற நேரத்துக்கு வந்து தொட்டுட்டுப் போங்க. தூரத்துல நிக்கணும். தட்டை வீட்டுல வெச்சுட்டு வாங்க."

ஆகையால் சனிக்கிழமை எனக்கும் சேர்த்து உலை வைக்காதே. நீ வைத்து, நான் வந்து தொடாமல் போனால், அது வேறு ஒரு புனியாகிவிடும்.